மூன்று விரல் இடைவெளி

பிசியோதெரபிஸ்ட் அன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். பகல் இரண்டு மணி. கதவைத் திறந்த நோயாளியின் மனைவி இடுப்பில் ஈரத்துணி வாளி.

"இன்னிக்கு நீங்க வர்ற நாள் இல்லையே, டாக்டரம்மா?"

"சும்மா பார்த்துட்டுப் போகலாம்னுதான்."

சும்மா இல்லை. பக்கவாதத்தில் விழுந்த லாரி டிரைவருக்கு இடப்பக்கம் அசைவில்லை, பேச்சும் இல்லை. தசை தளர்ந்த தோளிலிருந்து கையெலும்பு கீழிறங்கி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. முதல் வாரம் அதில் அவள் விரல் ஒன்று நுழைந்தது. அடுத்த வாரம் இரண்டு. நேற்று மூன்று. யாரோ அந்தக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். இப்படியே போனால் மூட்டு பழைய இடத்துக்குத் திரும்பாது. ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

"உண்மையச் சொல்லுங்க. எண்ணெய் தேய்க்க யாரையாவது கூப்பிடுறீங்களா? இல்ல, நீங்களே இழுத்து உட்கார வைக்கிறீங்களா?"

"நான் இழுத்தா வர்ற ஆளா இவரு? முப்பது வருஷமா கடைவீதிக்கே இழுத்துட்டுப் போக முடியல!"

சொல்லிவிட்டு மனைவி சிரித்த சிரிப்பும் பிசியோதெரபிஸ்டுக்குச் சரியாகப் படவில்லை.

"துணி காயப்போட்டுட்டு வந்துடறேன். நீங்க இருங்க."

காலடிகள் மொட்டைமாடிக்கு ஏறின. பிசியோதெரபிஸ்ட் தெருக்கதவைத் தாழிட்டு, டிரைவரின் அறைவாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இனி யார் வந்தாலும் அவளைத் தாண்டித்தான் வரவேண்டும்.

டிரைவர் அவளைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓராள் நிற்கும் இடம். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது காலியாக இருந்தது.

வெகுநாள் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்ததுபோல் ஒரு வாடை வந்தது. மேலே துணி உதறும் சத்தம் கேட்டது.

இடக் கை எழுந்தது.

உயிர் திரும்பும் கை நடுங்கும். இது நடுங்கவில்லை. மணிக்கட்டில் நான்கு இடங்களில் தோல் அமுங்கி வெளுத்திருந்தது. கை சுவரை நோக்கி நீண்டது. தோளின் பள்ளம் ஆழமானது. டிரைவரின் வாய் வலியில் கோணியது.

பதினைந்து வருடத் தொழில் பழக்கம் அவளை முந்திக்கொண்டது.

"ஐயோ, கையப் பிடிச்சு இழுக்காதீங்க! தோள்பட்டைக்கு அடியில கை குடுத்துத் தூக்கணும்!"

இழுப்பு நின்றது.

கை மெல்லப் படுக்கையில் இறங்கியது. அவள் மூச்சுவிட்டாள்.

பிறகு அவர் சட்டை தோளுக்குப் பின்னால் கசங்கிச் சுருண்டது. முதுகு எழும்பியது, வலிக்காமல், வெகு பக்குவமாக. டிரைவர் உட்கார்ந்தார். கால்கள் சுவர்ப்பக்கத் தரையில் இறங்கின. அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தக் கண்கள் மன்றாடின.

"வேண்டாம்... விட்டுடுங்க," என்று கிசுகிசுத்தபடி பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். அவளையும் சேர்த்து இழுத்தபடி அவர் எழுந்தார். வலக் கை மட்டும் கட்டில் கம்பியை விடவில்லை.

அதன் விரல்களும் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவசரமே இல்லாமல், கட்டைவிரலிலிருந்து.