அரிஞ்சிகை கேட்ட கேள்வி

வெள்ளாற்றின் மேற்கு வளைவில் கதிரவன் இறங்கி, கீழ்வானத்துப் பனைகளுக்குப் பின்னாலிருந்து முழுமதி எழும்பிக்கொண்டிருந்த அந்த வேளையில், வடகரையிலிருந்த செங்காட்டுக் கோட்டையின் நீர்வாயில் மண்டபத்தைக் கண்டவர்கள் அங்கே ஏதோ விழா நடக்கிறது என்றே எண்ணியிருப்பார்கள். தூணுக்குத் தூண் வேப்பங்குழை கட்டியிருந்தது. தரையெங்கும் நந்தியாவட்டை மலர்கள் சிதறிக் கிடந்தன. விழாவல்ல, வாசகர்களே, கண்ணோய்.

தென்கரையில் பகையரசனின் மகன் பாசறை அடித்து முற்றுகையிட்ட நாள் முதல், கோட்டைக்குள் நெருக்கியடித்துக் கிடந்த வீரர்களிடையே அந்நோய் பரவியிருந்தது. வில்லாளிகள் கண் சிவந்து, இமை ஒட்டி, பீளை வடிய மண்டபத்தில் வந்து விழுந்தார்கள். கோட்டைத் தலைவரின் மகளும், அரண்மனை வைத்தியரிடம் முறையாக மருத்துவம் கற்றவளுமான அரிஞ்சிகை, கஷாயத்தால் அவர்கள் கண்ணைக் கழுவி, குளிர்ந்த நந்தியாவட்டைப் பூவை இமைமேல் வைத்துத் துணியால் கட்டி வந்தாள்.

நோயுற்ற கண்ணைப் பார்த்தாலே நோய் தொற்றும் என்று அக்கோட்டையில் நம்பினார்கள். ஆகவே கண்ணோயாளி கையில் வேப்பங்குழை ஏந்தி நடக்க வேண்டும். எதிரே வருபவன், காவலனே ஆனாலும், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இந்த வழக்கத்தை அறிந்த ஒருவன் தென்கரையில் இருந்தான். அவன் பெயர் ஐயாறன், இளவரசனின் ஒற்றன். ஆற்றோரத்து எருக்கை ஒடித்து, வடிந்த பாலை இரண்டு கண்களிலும் விட்டுக்கொண்டான். எரிச்சல் இரண்டொரு நாளில் தணிந்துவிடும் என்று பாசறையில் ஒருவன் சொல்லியிருந்தான். சொன்னவன் கண்ணில் அது பட்டதில்லை. கையில் வேப்பங்குழையோடு, எல்லைக் காவலிலிருந்து திரும்பிய நோயாளிகளின் நடுவே ஐயாறன் கோட்டைக்குள் நுழைந்தபோது, காவலர்கள் வழக்கம் தவறாமல் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அன்று அரிஞ்சிகை அவன் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, கண்ணில் ஏதாவது விழுந்ததா என்று கேட்டாள். எதுவும் விழவில்லை என்றான். அவள் நம்பினாள், பூவை வைத்துக் கட்டினாள்.

மற்றவர்கள் தேறித் தேறி மதிலுக்குத் திரும்பினார்கள். ஐயாறனுக்கு மட்டும் வலி குறையவில்லை. அவள் காலையும் மாலையும் அவனருகில் உட்கார்ந்தாள். காவலன் மனைவியிடம் தாய்ப்பால் வாங்கி வந்து துளித்துளியாக விட்டாள். அவன் அவள் முகத்தைக் கண்டதில்லை. வளையோசை தூணைத் தாண்டி வரும்போதே எழுந்து உட்காரக் கற்றுக்கொண்டான்.

பக்கத்துப் பாயில் கிடந்த முதிய வில்லாளி ஒருநாள், "நாச்சியாரே, எங்கள் கண்ணுக்கெல்லாம் ஒரு பூ, இவன் கண்ணுக்கு மட்டும் இரண்டா?" என்றான்.

"உமக்கு ஆறிவிட்டது. நாளைக்கு மதிலுக்குப் போகலாம். இன்னும் பேசினால் இன்றைக்கே போகலாம்."

ஐயாறன் அன்று சிரித்தான். சிரித்தபோதும் கண் எரிந்தது.

அவன் தேடி வந்த செய்தியும் அங்கேதான் கிடைத்தது. நீர் மொள்ள விடியலில் நீர்வாயிலைத் திறக்கும்போதெல்லாம், இடக்கதவின் தாழ் குழிக்குள் முழுதாக இறங்குவதில்லை, வெளியிலிருந்து முட்டினாலே திறந்துகொள்ளும் என்று காவலன் முணுமுணுப்பான். கண்ணை விற்று வாங்க வேண்டிய செய்தியே அல்ல அது, காதிருந்தால் போதும்.

இப்போது, நிலவு மண்டபத்துக்குள் நுழைந்திருந்த இந்த மாலையில், அரிஞ்சிகை அவன் கட்டை அவிழ்த்தாள். வலக்கண்ணுக்கு நிலவு பாலாடைபோல் மங்கித் தெரிந்தது. இடக்கண்ணுக்கு அதுவும் இல்லை. எதிரே இருந்தவள் வெறும் நிழலாக இருந்தாள்.

"இது கண்ணோய் இல்லை," என்றாள் அவள். "முதல் நாள் கேட்டதையே மறுபடி கேட்கிறேன். கண்ணில் என்ன விழுந்தது?"

"எருக்கம்பால், நாச்சியாரே. நானே விட்டுக்கொண்டேன். தென்கரைப் பாசறையிலிருந்து வந்தவன் நான்."

அவள் காவலரை அழைக்கவில்லை.

"அன்றே சொல்லியிருந்தால் ஆற்றுத் தண்ணீர் போதும். விடாமல் கழுவியிருப்பேன். பூவை வைத்துக் கட்டி, அந்தப் பாலை உள்ளேயே பூட்டி வைத்துவிட்டேன்."

"சொல்லியிருந்தால் என் தலை போயிருக்கும்."

"போயிருக்கும். அதற்கு முன்னால் கண்ணைக் கழுவியிருப்பேன்."

ஐயாறன் தாழைப் பற்றி அறிந்ததையும் சொன்னான். "என்னைப் பெற்றவள்மேல் ஆணை. இதை எவரிடமும் சொல்ல மாட்டேன்."

அவள் புதுத்துணியால் அவன் கண்களைக் கட்டி, கையில் வேப்பங்குழையைக் கொடுத்து, மணிக்கட்டைப் பற்றி நீர்வாயிலுக்கு நடத்திச் சென்றாள். காவலன் முகத்தைத் திருப்பியபடியே, விலகி நில்லுங்கள், தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று எச்சரித்தான். இது ஒட்டாது என்றாள் அவள். உண்மைதான், காவலன் நம்பவில்லை.

பரிசலில் அவனை உட்கார வைத்தாள்.

"என் சொல்லை நம்பினீர்களா, நாச்சியாரே?"

அவள் பரிசலைத் தள்ளிவிட்டாள். துடுப்பில்லாமலே நீரோட்டம் அவனைத் தென்கரைத் திருப்பத்தில் சேர்த்தது.

கோட்டையில் கண்டதென்ன என்று இளவரசன் கேட்டபோது, ஐயாறன் கட்டை அவிழ்த்துக் காட்டினான். "இந்தக் கண்ணால் ஒன்றும் காண முடியவில்லை, இளவரசே." இளவரசனும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

விடியலில் ஆற்றுக்கு அப்பாலிருந்து ஓர் ஓசை வந்தது. கல்லின்மேல் கல் விழும் ஓசை. நீர்வாயிலைக் கருங்கல் வைத்து அடைக்கிறார்கள் என்று பாசறை வீரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அவள் இரவே தந்தையிடம் சொல்லிவிட்டாள். அவளைக் குறை கூற முடியாது, வாசகர்களே. முதல் கேள்விக்குப் பொய் சொன்னவனின் ஆணையை நம்பி, கோட்டைக் கதவை எவளும் அப்படியே விட்டுவைக்க மாட்டாள். ஆனால் ஐயாறன் தன் சொல்லைக் காத்தான். அது இனி எவருக்கும், அவளுக்கும்கூட, தெரியப்போவதில்லை.

அவன் வடக்கே திரும்பி உட்கார்ந்து, கடைசிக் கல் விழும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.