மூன்றாம் கப்பலுக்கு ஒரு கடிதம்

வைப்பாற்று மணற்பரப்பெங்கும் நிலவு வெள்ளி முலாம் பூசத் தொடங்கிய அந்தி நேரம். செங்குளம் பாளையத்தின் குதிரைத் தலைவன் காளத்தி, உடைமரக் காட்டை விலக்கிக்கொண்டு, பரங்கிச் சந்நியாசியின் பாழடைந்த ஓலைக் கோயிலை நோக்கி நடந்தான். போர்க்களத்தில் நடுங்காத அவன் கை இப்போது வாள்பிடியில் வியர்த்தது. அன்பான வாசகர்களே, அவனைக் கோழை என்று எண்ணிவிடாதீர்கள். சென்ற மாதம் அந்தச் சந்நியாசியை இதே மணலில் புதைத்தவனே அவன்தான்!

ஊரார் தூயமணி சுவாமி என்றழைத்த அந்தப் பாதிரியார், தம்மைப் பின்பற்றிய சிலரோடு பாளையக்காரரின் சிறையில் அடைபட்டு, அங்கேயே காய்ச்சல் கண்டு இறந்தார். ஆனால், கடலுக்கு அப்பாலுள்ள தம் மடத்துக்கு அவர் எழுதும் கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. துறைமுகத்து வழியில் காவலர் பறித்த கடிதங்களில் அதே கையெழுத்து. அவர் இறந்த பிறகு கோட்டைக்குள் நடந்தவை அத்தனையும் அவற்றில் இருந்தன. பரங்கி மொழி அறிந்த துபாஷி படித்துச் சொல்லச் சொல்லப் பாளையக்காரரின் உறக்கம் தொலைந்தது.

"போய்ப் பார், காளத்தி! எழுதுவது செத்தவர் என்றால், சிறையிலிருக்கும் அவருடைய ஆட்களை விட்டுவிடுகிறேன். ஆவியோடு எனக்குப் பகை வேண்டாம். உயிருள்ளவர் என்றால், எழுதிய கையை வெட்டிக் கொண்டு வா. விடிந்ததும் அவர்கள் தலைகளும் உருளும்" என்றார். அன்று மாலை ஆளில்லா ஓடத்தில் கிடைத்த கடிதமொன்றையும் அடையாளத்துக்குக் கொடுத்தனுப்பினார்.

கோயிலுக்குள் விளக்கு எரிந்தது. காவிப் போர்வை போர்த்திய உருவம் ஒன்று குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. இறகு காகிதத்தைக் கீறும் ஓசை. காளத்தி வாளை உருவினான்.

"சுவாமி!"

ஓசை நின்றது. போர்வை நழுவியது. மணிக்கட்டில் முத்துவளை மின்னியது. பாளையக்காரரின் தங்கை உமையாள் நாச்சியார்! பல்லக்கின் அருகே எத்தனையோ முறை நடந்தும் அவன் வாய்திறந்து பேசத் துணியாத அதே நாச்சியார்.

"பேய் பிடிக்க வாளோடு வந்தீரா? கோடாங்கியை அழைத்து வந்திருக்கலாமே!" குரல் சிரித்தது.

"தாங்களா எழுதினீர்கள்?"

"வேறு எப்படி அந்த அப்பாவிகளைக் காப்பது? அண்ணன் ஆவிக்கு மட்டும்தானே அஞ்சுவார்! ஒவ்வொரு கடிதத்தையும் மூன்று பிரதி எழுதி மூன்று கப்பலில் அனுப்புவது பாதிரிமார் வழக்கம். ஒன்று மூழ்கினாலும் மற்றொன்று கரைசேருமல்லவா? சுவாமியின் பிரதிகளை எழுதிப் பழகிய கை இது. இந்தக் கடிதத்தில் இரண்டை உம் ஆட்கள் பறித்துவிட்டார்கள். மூன்றாவதை, இன்று நடந்ததையும் புதிதாகச் சேர்த்து, இதோ, இப்போதுதான் எழுதுகிறேன்."

காளத்தி, ஓடத்தில் கிடைத்த கடிதத்தை இடைக்கச்சையிலிருந்து எடுத்து நீட்டினான். "அப்படியானால் இது?"

விளக்கொளியில் படித்தவளின் முகம் வெளுத்தது. அவள் இன்னும் எழுதி முடிக்காத அந்தப் புதிய வரிகள்கூட அதில் இருந்தன. உச்சியில் சிறியதொரு சிலுவைக் குறி.

"நான் ஞானஸ்நானம் பெறாதவள், காளத்தி. அந்தக் குறியை நான் இடுவதே இல்லை. என் பிரதிகளிலும் அதைச் சுவாமிதான் தம் கையால் இடுவார்."

காளத்தி குறியைத் தொட்டுப் பார்த்தான். மை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது.

அவன் வாளை உறையிலிட்டான்.

"எழுதுவது செத்தவர்தான் என்று தங்கள் அண்ணன் முன் வாள்தொட்டுச் சத்தியம் செய்யப் போகிறேன், நாச்சியார்."

"எனக்காகப் பொய்ச் சத்தியமா?"

"தங்கள் வளையைக் கண்டபோதே அதற்குத்தான் துணிந்தேன். இனி அதற்கு அவசியமில்லை."