நெஃபாசித் வளைவில் ஒரு ஃபியட்

"ஐயோ... இன்னைக்கா? இங்கேயா?"

லுவாம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டினாள். ஃபியட் கேட்கவில்லை. பானெட்டின் இடுக்குகளில் இருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. வெப்ப ஊசி சிவப்பைத் தாண்டி, அதற்கு மேல் போக இடமில்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. நெஃபாசித் ஊரைத் தாண்டி நாலாவது வளைவு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் முழுக்க மூடுபனி. மேலே இருந்து மெல்லிய தை மாதத் தூறல்.

காலையில்தான் ஒரு புது ஜோடியை மசாவா கடற்கரையில் இறக்கிவிட்டு வந்திருந்தாள். வெண்ணெய் நிறக் காரின் மூக்கில் இன்னும் வெள்ளை ரிப்பன். கண்ணாடியில் வாடிய பூக்கள். நாளைக் காலை அஸ்மராவில் இன்னொரு மணப்பெண் இதே காருக்காகக் காத்திருப்பாள். போகாவிட்டால் அந்தப் பெண் நடந்தா கோவிலுக்குப் போவாள்?

அப்போதுதான் கீழே இருந்து முனகிக்கொண்டே ஒரு தண்ணீர் லாரி ஏறி வந்தது. லுவாம் நடுரோட்டில் கையை விரித்து நின்றுவிட்டாள்.

லாரி நின்றது. கதவைத் திறந்து ஒருவன் குதித்தான். நெடுநெடுவென்று உயரம். மழைத்துளி தங்கிய சுருட்டை முடி. காரைப் பார்த்தான், ரிப்பனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்னங்க... மாப்பிள்ளை ஓடிட்டாரா?"

"ஜோக்கு அப்புறம். ஒரு வாளி தண்ணி குடுங்க."

"தர மாட்டேன்."

லுவாமுக்குக் காது சூடாகியது. "முதுகுல ஒரு ஏரியையே சுமந்துக்கிட்டு வர்றீங்க. ஒரு வாளி தர மனசில்லையா?"

"மனசு இருக்கு. ஆனா இப்ப ஊத்தினா, கொதிக்கிற இன்ஜின் பச்சைத் தண்ணி பட்டுப் பிளந்துடும். அப்புறம் அந்தப் பாவமும் என் தலையிலதான் விடியும்." அவன் லாரியின் படியில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் துடைத்தான். "ஆறட்டும். உட்காருங்க. நீங்களும் கொஞ்சம் ஆறுங்க."

அந்தத் திமிர்! நிற்கத்தான் நினைத்தாள். தூறல் வலுத்தது. வேறு வழியில்லாமல் படியின் ஓரத்தில் ஒட்டினாற்போல உட்கார்ந்தாள்.

அவன் பெயர் ஸெனாய். மலைமேல் கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவன். துணியில் சுற்றிவைத்திருந்த ஹிம்பாஷா ரொட்டியைப் பிய்த்து நீட்டினான். மறுக்கலாம் என்று வாயைத் திறந்தவள், பசியில் வாங்கிக்கொண்டாள்.

"ராத்திரி எல்லாம் அழுதீங்களா?" என்றான் திடீரென்று.

"எதுக்கு அழணும்?"

"கண்ணு சிவந்திருக்கே."

"அது ஆவி பட்டது."

"ஓ... நான் மாப்பிள்ளைக்குன்னு நினைச்சேன்."

"எனக்கு மாப்பிள்ளையே இல்ல. நான் டிரைவர்!"

சொன்ன வேகத்தில் அவளுக்கே வெட்கம் வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. கீழே குனிந்து ஷூ நாடாவை, அவிழாத நாடாவை, கட்டிக்கொண்டான். ஆனால் கன்னத்தில் குழி விழுந்ததை அவள் பார்த்துவிட்டாள். மழை, பனி, பள்ளத்தில் எங்கோ கத்தும் குரங்குகள்... இந்த இன்ஜின் இன்னும் கொஞ்சம் மெதுவாக ஆறினால்தான் என்ன?

ஆறியது. ஈரத்துணி போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். உள்ளே எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"சும்மா தண்ணி ஊத்தினா அடுத்த வளைவுல திரும்ப நிக்கும். உள்ள முழுக்க அடைப்பு. கழுவிடலாமா?"

"என்கிட்ட ஸ்பேனர் இருக்கு," என்றாள் அவள். "கீழ் ஹோஸை நான் கழட்டறேன். நீங்க குழாயைக் கொண்டாங்க."

அவன் புருவம் உயர்ந்தது. லாரியின் ரப்பர் குழாயை இழுத்து வந்தான். அடியில் இருந்த திருகைத் திறந்ததும் பழைய தண்ணீர் துரு நிறத்தில் ரோட்டில் ஓடியது. இரண்டு ஹோஸையும் கழற்றிய பிறகு, ரேடியேட்டரின் கீழ்வாயில் குழாயைச் செருகி, தண்ணீரைத் தலைகீழாக மேலே ஏற்றினான்.

"வந்த வழியே திருப்பி அனுப்பணும். அப்பத்தான் மாட்டிக்கிட்டது வெளிய வரும்."

மேல்வாய் முதலில் விக்கியது. பிறகு பழுப்புத் தண்ணீர் பீறிட்டது. அதோடு கட்டி கட்டியாக, நூல் நூலாக ஏதோ வெள்ளையாக வந்து விழுந்தது. ஸெனாய் ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினான். வாய்விட்டுச் சிரித்தான்.

"முட்டை! மரியம் மாதா மேல சத்தியமா, முட்டைங்க இது! ஒழுகுதுன்னு எவனோ மேதாவி ரேடியேட்டர்ல முட்டையை உடைச்சு ஊத்தியிருக்கான். ஆம்லெட் போட வேற சட்டி கிடைக்கலையா அந்த முட்டாளுக்கு?"

"அந்த முட்டாள் எங்கப்பா."

குழாய் அவன் கையில் அப்படியே நின்றது.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே முட்டை உடைத்தது அவளுக்கு நினைவு வந்தது. மறுநாள் விடிந்தபோது பக்கவாதத்தில் அவருடைய வலது கை விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கை ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்கவில்லை. அப்பா கடைசியாகத் தன் கையால் செய்த வேலை... இதோ, வெள்ளை வெள்ளையாக ரோட்டோரச் சேற்றில் போய்க்கொண்டிருக்கிறது.

கண்ணீர் கேட்காமலே வந்தது.

"நான்... எனக்குத் தெரியாது... மன்னிச்சிடுங்க..."

"வேலையை முடிங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் பளிங்காக வரும்வரை காத்திருந்தாள். ஓட்டையை அடைத்து இறுகிப்போன முட்டை மட்டும் அசையவில்லை. இன்ஜின் பக்கத்தையும் கழுவினார்கள். ஹோஸ்களை அவளே மாட்டி, கிளிப்பை அவளே முடுக்கினாள். நல்ல தண்ணீர் நிரப்பினாள். ஃபியட் ஒரே சாவியில் உயிர் பெற்றது.

"உங்க பேராவது..." என்றான் அவன், மழையில் நனைந்தபடி.

"லுவாம்." கோபத்தோடுதான் சொன்னாள். நன்றி சொல்லாமலே போய்விட்டாள். பக்கக் கண்ணாடியில் அவன் சின்னதாகி, சின்னதாகி, பனியில் கரைந்தான்.

வெப்ப ஊசி அஸ்மரா வரை நடுவிலேயே நின்றது.

ஞாயிறு கோவிலுக்குப் போகும்போது அப்பா கிர்மாய் அந்த ஊசியைக் கவனித்தார்.

"யாரு கை வெச்சா என் வண்டில?"

முப்பது வருஷமாக இன்னொருவனை பானெட்டைத் திறக்கவிடாத மனிதர். லுவாம் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான்தாம்பா... நானே கழுவினேன்."

அப்பாவின் முகம் மலர்ந்ததே... கை விழுந்த பிறகு அவள் பார்க்காத மலர்ச்சி! அன்றிலிருந்து காபி குடிக்க வருகிறவர்களிடம் எல்லாம் இதே பேச்சு. "என் கை போனா என்ன? என் பொண்ணு கை இருக்கு." அந்தப் பொய் நாளுக்கு நாள் கனமானது. ஸெனாய் என்ற பெயரோ தொண்டையிலேயே தங்கிவிட்டது.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மசாவா இறங்கினாள். நாலாவது வளைவு வந்ததும் கால் தானாகவே வேகத்தைக் குறைத்தது. பாழாய்ப்போன ஊசி! கொஞ்சம் ஏறக்கூடாதா? ஒரே ஒரு தடவை... ஏறவில்லை. அவன் அத்தனை சுத்தமாகக் கழுவியிருந்தான்.

ஒருமுறை அவனைப் பார்த்தாள். அவள் இறங்க, அவன் ஏற, குறுகலான திருப்பத்தில் இரண்டு வண்டியும் உரசாமல் உரசிக் கடந்தன. நனைந்த கண்ணாடிக்கு அப்பால் அந்தக் கண்கள்... அவளையே, அவளை மட்டுமே பார்த்தன. அவன் கையைத் தூக்கினான். அவள் கை ஸ்டியரிங்கிலேயே ஒட்டிக்கொண்டது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. பின் சீட்டில் மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். தூக்கியிருக்கலாமே ஒரு விரலையாவது... அந்த ஒரு விரல் பல ராத்திரி அவளைத் தூங்கவிடவில்லை.

அப்புறம் நோன்புக் காலம் வந்தது. கல்யாணங்கள் நின்றன. ரிப்பனைச் சுருட்டி அலமாரியில் வைத்தாள். மலைப்பாதைக்கு இனி ஒரு சாக்கும் இல்லை. மாலையில் மக்கியாத்தோ காபி குடிக்கப் போகும் கடையில், தெருவில் கனரக வண்டிச் சத்தம் கேட்டாலே கழுத்து திரும்பும். திரும்பி, ஏமாந்து, ஆறிப்போன கோப்பையைப் பார்க்கும்.

ஒரு நாள் அந்தத் தண்ணீர் லாரியே கடை முன்னால் நின்றது. லுவாம் எழுந்தே விட்டாள். இறங்கியது வேறு ஆள், தொந்தியும் மீசையுமாக.

"இந்த வண்டில... ஸெனாய்னு..."

"ஸெனாயா? மேற்கே, தெஸ்ஸெனேய் பக்கம் மாத்தலாகிப் போறான். நாளைக் காலை பஸ்." அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க... ரிப்பன் கட்டின ஃபியட்டா?"

ஆமென்று தலையாட்டினாள். வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா, நான் பொய் சொன்னேன்."

எல்லாவற்றையும் கொட்டினாள். முட்டை, சிரிப்பு, முட்டாள் என்றது, தான் அழுதது, நாளைக் காலை பஸ், பிறகு இத்தனை நாளாக... அதை மட்டும் முடிக்காமல் நிறுத்தினாள். கிர்மாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஊரெல்லாம் என்னை உன் பெருமையைப் பேச வெச்சுட்டியேடி."

"தப்புதாம்பா."

"முட்டாள்னா சொன்னான்?"

"ஆமாம்பா."

"எட்டு மாசம் அந்த ஒழுக்கை நிறுத்தினது அந்த முட்டை. அது தெரியுமா அவனுக்கு?" இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "காலைல போ. என் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லச் சொல்லு. தைரியம் இருந்தா பேசலாம். இல்லாதவன் எங்க வேணா போகட்டும்."

விடியற்காலை பஸ் நிலையம். மூட்டைகள், கோழிக் கூடைகள், வழியனுப்ப வந்தவர்களின் அழுகை. மேற்கே போகும் பஸ்ஸின் கூரையில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தேடினாள். கடைசி ஜன்னலில், நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தபடி, அவன்.

தட்டினாள். அவன் நிமிர்ந்தான். அடுத்த நொடி, ஆட்களை விலக்கிக்கொண்டு, யார் காலையோ மிதித்து, திட்டு வாங்கி, எதிரே வந்து நின்றான்.

"வண்டி... திரும்பக் கொதிக்குதா?" மூச்சு வாங்கியது அவனுக்கு.

"வண்டி நல்லா இருக்கு." அவள் குரல் உடைந்தது. "ஏன் போறீங்க? யாரு மாத்தினாங்க உங்களை?"

ஸெனாய் தரையைப் பார்த்தான்.

"நான்தான் கேட்டு வாங்கினேன். தினம் அந்த வளைவைத் தாண்ட முடியல லுவாம். ஒவ்வொரு தடவையும் லாரியை நிறுத்திடறேன். கிராமத்துல தண்ணி லேட்டுன்னு திட்டறாங்க. என்னன்னு சொல்றது? ஒரு பொண்ணை அழ வெச்ச இடம்னா?"

"அழ வெச்ச இடம் மட்டும்தானா அது?"

அவன் நிமிர்ந்தான். கண்டக்டர் கத்தினான், "தெஸ்ஸெனேய்! ஏறுப்பா, ஏறு!"

"உத்தரவு போட்டாச்சு," என்றான் மெதுவாக. "போய்த்தான் ஆகணும். எப்ப திரும்புவேன்னு தெரியாது. அதனாலதான் சொல்லாமப் போயிடலாம்னு..."

"எங்கப்பா உங்களைக் கூப்பிட்டார். முட்டாள்னு நேர்ல வந்து சொல்லணுமாம்."

"ஐயையோ!"

"பயமா?"

"நடுங்குது. ஆனா வர்றேன். வந்து கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேக்கறேன். அப்புறம்..." அவன் கூரையைப் பார்த்துக் கூவினான், "அண்ணே, அந்தப் பச்சைப் பையை இறக்குங்க! நாளைக்குப் போறேன்!" மறுபடி அவள் பக்கம் திரும்பினான். "அப்புறம் அவர்கிட்ட இன்னொண்ணும் கேக்கணும். முதல்ல உங்ககிட்ட கேக்கலாமா?"

பஸ் அவனில்லாமல் நகர்ந்தது. புழுதி இருவரையும் மூடிக் கடந்தது. லுவாம் அவன் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. இத்தனை நாள் தொண்டையில் தங்கியது, இனி ஒரு நொடியும் தங்காது...

"கேக்க வேண்டாம். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு ஸெனாய். கோபத்துல கிளம்பிப் போனேனே, அன்னைக்கே பிடிச்சிருந்தது. நீ தெஸ்ஸெனேய் போ, எங்க வேணா போ. நான் காத்திருக்கேன்."