கறுத்துப்போன வெள்ளிக்கோப்பை

"சோப்பு டப்பாவா!"

செண்பகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. தியாகராய நகரில் இருந்த அந்தப் பள்ளியின் கோ-கோ அணிக்கு அவள்தான் தலைவி. சனிக்கிழமை சாந்தோம் பள்ளியோடு இறுதி ஆட்டம். ஜெயிக்கிற அணிக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா பரிசு என்று பெரிய டீச்சர் சீதா இப்போதுதான் சொன்னார்.

"கோப்பை கிடையாதா டீச்சர்?"

"இருக்கு. இதோ, நீயே பாரு."

அலமாரியின் மேலிருந்து ஒன்றை இறக்கினார். இரண்டு கைப்பிடி, அடுப்புக்கரி மாதிரி நிறம். வயிற்றில் ஓர் ஆள் உதைத்தது போலப் பெரிய ஒடுக்கு.

"நாற்பது வருஷத்து வெள்ளி. ஜெயிச்ச பள்ளி ஒரு வருஷம் வெச்சிருந்து திருப்பித் தரணும். இப்போ யார் கையில கொடுக்க முடியும்? கடையில கேட்டா பதினைந்து நாள் ஆகும்னுட்டாங்க."

செண்பகம் யோசிக்கவே இல்லை. "டீச்சர், நான் வீட்டுக்கு எடுத்துக்கினு போகட்டுமா? சனிக்கிழமை பளபளன்னு கொண்டாந்து தர்றேன்!"

அன்று புதன்கிழமை. டீச்சர் அவளையும் கோப்பையையும் மாறிமாறிப் பார்த்தார். "சரி. ஓட்டை மட்டும் போட்டுடாதே."

செண்பகமும் அவளுடைய தோழி அமீனாவும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓட்டமாய் ஓடினார்கள்.

"இன்னாடி இது, தார் டின்னா?" என்றாள் அம்மா புஷ்பம்.

"வெள்ளிம்மா! புளி குடு!"

பித்தளைக் குடத்தைப் புளி பளபளப்பாக்குமே! இருவரும் மூச்சுப்பிடித்துத் தேய்த்தார்கள். கைதான் சிவந்தது. கோப்பையின் கறுப்பு அசையவில்லை. பிறகு விபூதியைத் தொட்டுத் தேய்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் கட்டைவிரல் அளவு வெளுத்தது.

"இப்பிடியே தேச்சா தீபாவளிக்குள்ள முடிஞ்சிடும்" என்றாள் அமீனா. தீபாவளிக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

ஒட்டியிருந்த புளியும் விபூதியுமாவது போகட்டும் என்று, அலுமினியக் குண்டானில் வெந்நீர் ஊற்றி, துணி துவைக்கிற சோடாவைக் கரைத்து, கோப்பையை உள்ளே சாய்த்து வைத்துவிட்டு விளையாடப் போனார்கள்.

"ஐயே! அழுகின முட்டைய யாரு ஒடச்சது?" அம்மாவின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

ஓடிவந்து பார்த்தார்கள். குண்டானிலிருந்துதான் அந்த நாற்றம்! மூக்கைப் பிடித்துக்கொண்டு செண்பகம் கோப்பையைத் தூக்கினாள். ஒரு பக்கம் நிலா மாதிரி மின்னியது.

"அடியே!" என்று கத்தினாள் அமீனா. "குண்டான் பட்ட எடம் மட்டும் வெளுத்துகினு கீது!"

"அப்போ எல்லாப் பக்கமும் படணும்!"

மறுபடி வெந்நீர், மறுபடி சோடா. கோப்பையைக் குச்சியால் திருப்பித் திருப்பி வைத்தார்கள். கோப்பை வெளுக்க வெளுக்கக் குண்டான் கறுத்தது. அதைப் பார்த்து அம்மாவின் முகமும்தான்.

வெளியே வந்த கோப்பையில் முன்பு ஜெயித்த பள்ளிகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. எழுத்துக் குழிக்குள் ஒட்டியிருந்த கறுப்பை அமீனா ஊசியால் சுரண்டப் போனாள்.

"அத வுட்டுடு!" என்று தடுத்தாள் செண்பகம். "அந்தக் கறுப்பு இருக்கறதாலதான் படிக்க முடியுது."

இனி ஒடுக்குதான் பாக்கி. வெள்ளிக்கிழமை மாலை, சைக்கிள் கடையில் வேலை செய்யும் அப்பா துரைராஜ் சுத்தியலோடு உட்கார்ந்தார்.

"உள்ள வுட்டு ஒரே போடு. சரியாப்பூடும்."

"வேணாம் நைனா! மொதல்ல இதுல அடிச்சுக் காட்டு." பழைய அலுமினிய டம்ளர் ஒன்றை நீட்டினாள். அதிலும் ஒடுக்கு இருந்தது.

அப்பா உள்ளிருந்து அடித்தார். ஒடுக்கு போன இடத்தில் கொழுக்கட்டை மாதிரி ஒரு வீக்கம் வந்தது. அப்பா தலையைச் சொறிந்தார்.

செண்பகம் சமையல் அறையைச் சுற்றிப் பார்த்தாள். இரும்பு வேண்டாம், வழவழப்பாக, உருண்டையாக ஏதாவது... பருப்பு கடையும் மர மத்து!

கிழிந்த கோணியை மடித்துப் போட்டு, அதன்மேல் கோப்பையைப் படுக்கவைத்தாள். மத்தின் தலையை உள்ளே விட்டு மெதுவாக அமுக்கினாள். கொஞ்சம் நகர்த்தி மறுபடி அமுக்கினாள். அமீனா கோப்பை உருளாமல் பிடித்துக்கொண்டாள்.

"டொக்!"

"வந்திடுச்சு! வந்திடுச்சு!" இருவரும் குதித்த குதியில் பாத்திரங்கள் அதிர்ந்தன.

சிறு பள்ளம் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. "இன்னும் ஒரு அமுக்கு அமுக்கு" என்றார் அப்பா.

"போதும் நைனா. வெள்ளி மெலிசா கீது, கிழிஞ்சிடும்."

சனிக்கிழமை மேசைமேல் கோப்பை தகதகத்தது. டீச்சர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மைதானத்தில் காது கிழியும் சத்தம். கடைசி நிமிடத்தில் இரண்டு அணியும் சமம். சாந்தோம் அணியின் தலைவி ரத்னா பாய்ந்து வந்தாள். செண்பகம் வளைந்து ஓடினாள். முதுகில் ஒரு விரல் பட்டது. விசில் ஒலித்தது.

ஒரே ஒரு புள்ளியில் தோற்றுப்போனார்கள்.

"செண்பகம், கோப்பையை நீயே எடுத்துக் கொடு" என்றார் டீச்சர்.

மூன்று நாள் மடியில் வைத்துத் தேய்த்த கோப்பை! எடுத்து நீட்டினாள், ஆனால் விரல்கள் கைப்பிடியை விடவில்லை.

ரத்னா கோப்பையில் தன் முகத்தைப் பார்த்தாள். "அம்மாடி! கண்ணாடி மாதிரி கீதே! நீயா தேச்ச? எங்க கையில கறுத்துப்பூட்டா இன்னா பண்றது?"

அவள் முகத்தில் உண்மையான பயம். செண்பகத்தின் விரல்கள் தாமாகவே தளர்ந்தன.

"புளி மட்டும் போடாத. மெத்துனு ஒரு துணியில சுத்தி வை. எழுத்துல கீற கறுப்பச் சுரண்டாத. சுத்தியல் எடுக்கறவங்கள கிட்டயே வுடாத!" மூச்சுவிடாமல் சொன்னாள். கூட்டத்தில் நின்ற அப்பா சட்டென்று வானத்தைப் பார்த்தார்.

"சரி, சரி" என்று தலையாட்டினாள் ரத்னா.

"ஒரு வருசம் பத்திரமா பாத்துக்க" என்றாள் செண்பகம், இப்போது சிரித்துக்கொண்டே. "அடுத்த வருசம் நாங்க வந்து ஜெயிச்சு எடுத்துக்குறோம்!"