மனிதரைக் கூப்பிடு

செவ்வாய்க் கோளின் பொருநைக் குடியிருப்பில், விருந்தோம்பல் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் முதலில் சான்றிதழ் தருவார்கள். அடுத்துப் பிடரியில் பொறுமைச் சில்லு பதிப்பார்கள். அது பதிந்தவருக்குக் கண் கலங்காது, என்ன சொன்னாலும் உதட்டுச் சிரிப்பு மாறாது. சில்லு இல்லாத பட்டதாரியை எந்த விடுதியும் எடுக்காது.

மகள் கோமதியைச் சேர்க்கும்போதே தாண்டவராயன் கல்லூரி முதல்வரிடம் முகத்துக்கு நேரே கேட்டிருந்தார்.

"எங்க வீட்டுப் பொண்ணு அடுத்தவன் எச்சில் தட்டை எடுக்க மாட்டா. சம்மதமா?"

"அதெல்லாம் எந்திரங்கள் பார்த்துக்கும் ஐயா. எங்க பிள்ளைங்க விருந்தினர்கிட்டப் பேசினாப் போதும்."

வேலைக்குப் போன ஆறே மாதத்தில், மகள் பெரிய விடுதியில் அதிகாரி என்று அவர் சொல்லாத வீடில்லை. "நீங்க மட்டும் அங்க வந்துடாதீங்கப்பா" என்று அவள் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பூதலிங்கம் தம் மகனுக்காகச் சம்பந்தம் பேச வந்தபோது, தாண்டவராயன் அவரை அந்த விடுதிக்கே சாப்பிட அழைத்துப் போனார். பெண்ணைப் பூதலிங்கம் இன்னும் பார்க்கவில்லை. குடும்பத்தின் தரம் முதலில், பெண் பிறகு என்பது அவர்கள் வழக்கம்.

பரிமாறும் எந்திரம் ரசத்தை ஊற்றியது. சூடு சற்றுக் குறைவு. சம்பந்தியாகப் போகிறவர் முன்னால் அதைச் சும்மா விடலாமா?

"ஆறிப்போன ரசத்தை யாருக்கு ஊத்துறே?"

"மாற்றித் தருகிறேன், ஐயா."

"உங்கிட்டப் பேசி என்ன? மனுசங்களைக் கூப்பிடு."

"சரியாச் சொன்னீங்க அண்ணாச்சி," என்றார் பூதலிங்கம். "இரும்பைத் திட்டினா உறைக்குமா? அதுக்குத்தானே படிச்ச ஆளுங்களை வச்சிருக்கான்."

கைகூப்பியபடி வந்து நின்றவள் கோமதி. எல்லா வேலையும் எந்திரத்துக்குப் போன பிறகு, விடுதிகளில் மனிதருக்கென்று மிஞ்சியது திட்டு வாங்குவது ஒன்றுதான். நான்காண்டுப் படிப்பும் அதற்கே.

"மன்னிக்கணும் ஐயா. தப்பு எங்களோடதுதான். சொல்லுங்க," என்றாள் சிரித்த முகமாக.

தாண்டவராயன் ரசக் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். என் மகள் என்று சொன்னால் சம்பந்தம் போகும். மானம் அதற்கு முன்பே போய்விடும்.

"என்ன அண்ணாச்சி, பொம்பளைப் பிள்ளைன்னு பார்க்கிறீங்களா? இவளுகளுக்கு இதுதான் உத்தியோகம். நறுக்குன்னு நாலு வார்த்தை கேளுங்க."

தாண்டவராயன் நிமிர்ந்தார். அவருக்குப் பழகிய வசைதான் வாயில் வந்தது.

"உன்னையெல்லாம் எந்தத் தகப்பன் பெத்து வளர்த்தான்?"

"மன்னிக்கணும் ஐயா," என்றாள் கோமதி.

பூதலிங்கம் நிறைவோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

"கண்டிப்பான குடும்பம். எனக்குப் பூரண சம்மதம். பொண்ணை எப்பப் பார்க்கலாம்?"