ஐந்தாவது பாட்டில் லிப்ட் வரும்

"போடுறேன் அண்ணே!" என்று இரண்டே வார்த்தைதான் சொன்னாள் விஷ்ணுப்ரியா. அதிலேயே வசமாக மாட்டிக்கொண்டாள்.

கேட்டவர் பக்கத்து வீட்டுச் சுகுமாறன் அண்ணன். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் கைப்பேசி பழுது பார்க்கிறவர். வேலை முடிந்து வந்தால், வெளிச் சத்தம் கேட்காமல் இருக்கத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்வார். அப்படியே ஏழு பாட்டுச் சேர்ந்து ஓர் ஆல்பம் ஆகிவிட்டது. பெயர் 'எட்டாவது மாடி'.

"உன் கிளாஸ் போர்டுல என் ஆல்பத்தையும் போடு லா, ப்ரியா" என்றார். அவளும் சரியென்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். ஒரு பாட்டுகூடக் கேட்கவில்லை.

ஐந்தாம் ஆண்டு வகுப்பின் பின்சுவரில் இருக்கிறது அந்தப் போர்டு. 'அண்மையில் நான் ரசித்த ஆல்பங்கள்' என்று ப்ரியா வாரம் மூன்று அட்டை ஒட்டுவாள். சினிமாப் பாட்டு கிடையாது. தாங்களே எழுதி, தாங்களே பாடி வெளியிடுகிறவர்களுக்குத்தான் இடம்.

இந்த வாரம் இரண்டு அட்டை தயார்.

'ஈரக் குடை: ஓர் அக்கா கித்தாரோடு மெதுவாகப் பாடுகிறார். கணக்குப் போடும்போது கேட்காதீர்கள். கூட்டல் தப்பாகும்.'

'மூன்று உறுமி: கேட்டுக்கொண்டே மைலோ குடிக்காதீர்கள். திடீரென்று மேளம் அதிரும். என் சட்டையில் கறை.'

மூன்றாவது அட்டைக்காக 'எட்டாவது மாடி'யைப் போட்டுக் கேட்டாள். முதல் பாட்டில் காது அடைத்தது. இரண்டாவது அதைவிடச் சத்தம். மூன்றாவதில் நிறுத்திவிட்டாள்.

மறுநாள் வகுப்புத் தோழி தாமரை வேறு பிடித்துக்கொண்டாள். "போன மாசம் நீ கேக்காமலே ஒரு ஆல்பத்த போர்டுல போட்டே. அத கார்ல வச்சு அப்பாகிட்ட ஏச்சு வாங்கினது நான்! இன்னொரு தடவ அப்படிப் போட்டா, உன் போர்டு பக்கமே வரமாட்டேன்."

போடாவிட்டால் அண்ணன் முகம் வாடிப்போகும். பொய்யாகப் போட்டால் போர்டை யார் நம்புவார்கள்?

சனிக்கிழமை அம்மாவுடன் கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில் போனாள். இந்த முறை எதையும் தாண்டாமல் கேட்டுப் பார்ப்போம் என்று முதலிலிருந்து தொடங்கினாள். நான்கு பாட்டும் ஒரே இரைச்சல். சுபாங் ஜெயா நிலையம் வந்தபோது ஐந்தாவது ஆரம்பித்தது.

க்ரீச்... டொக். க்ரீச்... டொக்.

ப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர்கள் அடுக்குமாடி வீட்டு லிப்ட்! சிக்கிச் சிக்கித் திறக்கும் அந்தக் கதவுச் சத்தத்தையே தாளமாக வைத்து, அது நின்றுபோகும் நாள்களில் காய்கறிப் பையோடு படியேறும் அம்மாக்களைப் பற்றி அண்ணன் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்.

"என்னடி, தனியா சிரிக்கிறே?"

ப்ரியா ஒரு காதொலிப்பானை அம்மாவின் காதில் வைத்தாள்.

"ஐயோ, நம்ம லிப்ட்!" என்றார் அம்மா. ரயிலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அட்டையை எழுதி, முதலில் அண்ணனிடமே நீட்டினாள்.

'எட்டாவது மாடி: ஏழு பாட்டு. ஆறு எனக்குச் சத்தம் அதிகம். ஐந்தாவதை நான்கு தடவை கேட்டேன். அதில் எங்கள் லிப்ட் வருகிறது.'

"ஆறு பாட்டு பிடிக்கலையா?" என்றார் அண்ணன்.

"பிடிக்கல அண்ணே. ஆனா எல்லாத்தையும் முழுசா கேட்டேன்."

அண்ணன் அட்டையை இன்னொரு முறை படித்தார். "என் கூட்டாளிங்க பத்து பேரு சூப்பர்னு சொன்னானுங்க. லிப்ட் வருதுன்னு ஒருத்தன்கூட சொல்லல லா." அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "இப்படியே ஒட்டு."

புதன்கிழமை அந்த அட்டையின் கீழே வேறொரு கையெழுத்து இருந்தது.

'ரெண்டாவது பாட்டுதான் பெஸ்ட். ப்ரியாவுக்குக் காது சரியில்லை. இப்படிக்கு, தாமரை.'

அன்று மாலை டியூஷன் முடிந்து வந்தால், லிப்ட் நின்றுபோயிருந்தது. ப்ரியா எட்டு மாடியும் படியேறினாள். தன் வீட்டுக்குப் போகாமல், மூச்சு வாங்க அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணே! என் கிளாஸ்ல ஒருத்திக்கு ரெண்டாவது பாட்டு பிடிச்சிருக்காம்!"