காய்ச்சல் இறங்கிய சாயங்காலம்

தூக்கினால் அழுதான். கீழே விட்டால் அடங்கினான்.

ஒன்றரை வயதுப் பிள்ளை இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்துத்தான் அவள் பார்த்திருக்கிறாள். இன்று அவள் கை பட்டாலே உடம்பை விறைத்துக்கொண்டு வீறிட்டான், மெத்தையில் கிடத்தியதும் சுவர்ப்பக்கம் திரும்பி, பூனைக்குட்டி மாதிரி முனகினான். அறைக்குள் சிரப்பின் தித்திப்பு வாடையும் வாந்தியின் புளிப்பும் மின்விசிறியின் கடகடப்பும் கலந்து கிடந்தன. திரைச்சீலையை ஒரு விரற்கடை விலக்கினாள். அந்தக் கீற்று வெளிச்சத்துக்கே கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறினான்.

காய்ச்சல்தான் இறங்கிவிட்டதே. காலையில் புருஷன் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டியாயிற்று, மருந்தும் உள்ளே போயிற்று. மருந்துக்கடைக்காரன் பொண்டாட்டிக்கு என்ன கவலை என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேலி பேசுவார்கள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கிளினிக்குக்குப் போன் போட்டாள்.

"மருந்துக்கடைக்காரர் வீட்டுல இருந்து பேசுறேன் சிஸ்டர். காலையில பிள்ளையைக் காட்டினோமே, இப்ப வெளிச்சம் பட்டாலே கத்துறான்."

மறுமுனையில் நர்ஸ் பதிவேட்டைப் புரட்டினாள். "உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு வரவே இல்லையேம்மா."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மெத்தைப் பக்கம் போனாள்.

"குழந்தைக்குக் கழுத்து வளையுதா பாருங்க. வளையலைன்னா மூளைக்காய்ச்சலா இருக்கலாம். எதுவா இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இப்பவே."

பிடரிக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினாள். தலையோடு தோளும் சேர்ந்தே எழுந்தது. பலகை மாதிரி.

கதவு திறந்தது. புருஷன், கையில் இன்னொரு சிரப்போடு.

"கிளினிக்குக்குப் போகலையா நீங்க?"

அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "சாதாரணக் காய்ச்சல்தானே. கடைக்கு வர்ற பிள்ளைங்களுக்கெல்லாம் நான்தானே குடுக்கிறேன். நீ பயந்துக்குவேன்னுதான் டாக்டர் பேரைச் சொன்னேன்."

"அப்ப அவ்வளவு நேரம் இவனை எங்க வெச்சிருந்தீங்க?"

"கடையில. தூங்கிட்டுதான் இருந்தான்."

தூக்கமா அது? புருஷனை நம்பித்தானே பிள்ளையைக் கொடுத்தாள். வேறு யாராவது ஏமாற்றியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பாள். பிள்ளையின் அப்பனே ஏமாற்றினால் யாரிடம் போய்ச் சொல்வது?

"பாவி, வண்டியை எடு."

காரின் பின்சீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்தாள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஒரு விளக்கைக் கடக்கும்போது கணுக்காலில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. கொசுக்கடி என்று நினைத்து விரலால் அழுத்தினாள். மறையவில்லை.

இருட்டு.

அடுத்த விளக்கு. முழங்கால் வரை ஏழெட்டு. நாவல்பழ நிறத்தில்.

"என்னங்க இது?"

அவன் திரும்பிப் பார்த்தான். என்னவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது, முகத்தில் தெரிந்தது. வண்டி சீறியது.

இருட்டு.

விளக்கு. தொடை.

இருட்டு.

விளக்கு. சட்டையைத் தூக்கினாள். வயிறு முழுக்க.

இருட்டு. அடுத்த விளக்கு வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

வந்தது. கன்னத்தில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒன்று விரிந்தது.